நோர்வேயின் பேய்க்கதைகள்: தர்க்கமும் தடுமாற்றமும்

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நேரங்களில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு இங்கே ஒஸ்லோவில் நவம்பர் மாதம். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பேய்க்கதை பேசத் தோதான மாதம்தான். ஆனால் உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. பேய் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கும் நான் வரவில்லை. ஒரு பேய்க்கதை எந்தப் படிகளில் ஏறி "ஆகவே இது பேய்" என்ற முடிவுக்கு வந்து சேர்கிறது, அந்தப் படிகளில் எது உறுதியானது, எது உளுத்துப்போனது என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். தாதியாக வேலை செய்பவளுக்கு இது பழக்கமான வேலை. நோயாளி சொல்லும் வலி உண்மை. அந்த வலிக்கு அவர் சொல்லும் காரணம் பல நேரம் வேறாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒஸ்லோவுக்கு வந்திருப்பவர்கள் துறைமுகத்தின் மேலே நிற்கும் அகெர்ஷுஸ் கோட்டையைப் பார்க்காமல் போயிருக்க மாட்டீர்கள். 1300ஆம் ஆண்டை ஒட்டி, அரசர் ஐந்தாம் ஹோகோன் காலத்தில் எழுந்த கோட்டை. 1624இல் பழைய ஒஸ்லோ எரிந்துபோனபோது, டென்மார்க்கையும் நோர்வேயையும் சேர்த்து ஆண்ட நான்காம் கிறிஸ்தியான் நகரத்தையே இந்தக் கோட்டையின் காலடிக்கு நகர்த்தி, கிறிஸ்தியானியா என்று தன் பெயரைச் சூட்டினார். ஒஸ்லோ என்ற பெயர் திரும்பி வந்தது 1925இல். கோட்டை நெடுங்காலம் சிறையாகவும் இருந்தது. காலில் இரும்பு பூட்டி வேலை வாங்கப்பட்ட கைதிகளை ஊரார் அடிமைகள் என்றே அழைத்தார்கள். 1950 வரை அங்கே கைதிகள் இருந்திருக்கிறார்கள்.

இந்தக் கோட்டையின் வாசலை ஒரு பேய்நாய் காக்கிறதாம். பெயர் மல்கனிசன். கோட்டையைக் காப்பதற்காக உயிரோடு புதைக்கப்பட்ட நாய் என்று கதை. அது யாரை நெருங்கி வருகிறதோ அவர் மூன்று மாதத்துக்குள் கொடூரமாகச் சாவார். சுற்றுலா வருபவர்களுக்கு இந்தக் கதையை மிகுந்த உற்சாகத்தோடு சொல்வார்கள். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்த மூன்று மாதம். ஒருவர் நாயைப் பார்க்கிறார், நான்காவது மாதமும் உயிரோடு இருக்கிறார் என்றால் என்ன சொல்வார்கள்? "அது வேறு ஏதோ நாய்" என்பார்கள். செத்துப்போனால்? "அன்றைக்கே சொன்னாரே, வாசலில் ஒரு நாய் வந்ததென்று" என்பார்கள். எது நடந்தாலும் கதைக்கு வெற்றி. தோற்கவே வழியில்லாத ஒரு கூற்றுக்கு வெற்றி எந்தப் பெருமையும் தராது.

இரண்டாவது, அந்த இடத்தில் சாவு எவ்வளவு சாதாரணம் என்ற கேள்வி. ஒரு பேச்சுக்காக வைத்துக்கொள்வோம்: இருநூறு கைதிகள் இருக்கும் சிறையில் ஆண்டுக்கு இருபது பேர் நோயால் இறக்கிறார்கள். அப்படியானால் எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் ஐந்து சாவு. கோட்டைக்குள் நாய் நுழைவது அதிசயமா? காவற்படை இருக்கும் இடமெல்லாம் நாய் இருக்கும். நாய் தினமும் வருகிறது, சாவு மாதந்தோறும் வருகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போட ஒரு நல்ல கதைசொல்லி போதும். மருத்துவமனை வார்டுகளிலும் இதே முடிச்சு உண்டு. இரவுப்பணியில் "இன்றைக்கு அமைதியாக இருக்கிறது" என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் மற்றவர்கள் முறைப்போம். சொன்ன பிறகு அவசர நோயாளி வந்த இரவுகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சொன்ன பிறகும் அமைதியாகவே விடிந்த இரவுகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. நினைவில் வைக்க அங்கே என்ன இருக்கிறது?

மூன்றாவது, பெயர். மல்கனிசன் என்ற பெயரை உற்றுப் பாருங்கள். 'கனிஸ்' என்பது லத்தீனில் நாய். 'மல்' என்றால் கெட்ட. கடைசியில் ஒட்டியிருக்கும் 'என்' நோர்வே மொழியின் சுட்டு விகுதி. லத்தீன் படித்த யாரோ வைத்த பெயர் போலிருக்கிறது. அதே கோட்டையில் முகமில்லாத ஒரு பெண் நீண்ட அங்கியோடு இருளிலிருந்து வந்து தன் அறையை நோக்கி நடக்கிறாள் என்று இன்னொரு கதை. அவள் பெயர் மான்டெல்கெய்ஸ்டன். மான்டெல் என்றால் மேலங்கி. 'கெய்ஸ்ட்' ஆவியைக் குறிக்கும் ஜெர்மன் சொல். நோர்வேக் கிராமத்துப் பாட்டி ஆவிக்குச் சொல்லும் சொல் அதுவல்ல. இரண்டு பெயரிலும் புத்தக வாடை அடிக்கிறது என்பது என் சந்தேகம். "பழங்காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள்" என்பது பேய்க்கதைகள் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ். அதை எப்போதும் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் உயிரோடு புதைத்த விலங்கு காவல் காக்கும் என்ற எண்ணம் மட்டும் நிச்சயம் பழையது. ஸ்காண்டிநேவியா முழுக்க 'கிர்க்கெகிரிம்' என்றொரு நம்பிக்கை இருந்தது. தேவாலயம் கட்டும்போது அத்திவாரத்தில் ஆட்டுக்குட்டியையோ பன்றியையோ நாயையோ குதிரையையோ உயிரோடு புதைத்தால் அதன் ஆவி கல்லறைத் தோட்டத்தைக் காக்கும். டென்மார்க்கில் அது பெரும்பாலும் ஆட்டுக்குட்டி. நமக்கு இது புதிதா என்ன? பாலம் கட்டும் காலத்தில் "பிள்ளை பிடிகாரன் வருகிறான், தூணுக்குப் பலி கொடுக்கப் பிள்ளை தேடுகிறார்கள்" என்று சொல்லி எத்தனை பேரை வீட்டுக்குள் அடைத்து வைத்தார்கள்! இரண்டிலும் ஓடும் தர்க்கம் ஒன்றுதான். பெரிய கட்டடம் நிற்பதற்குப் பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். விலையென்றால் அது உயிர்தான். முதல் பாதி தவறென்று நான் சொல்லமாட்டேன். கோட்டைகளும் பாலங்களும் உண்மையில் உயிர்களைத் தின்றன: சாரத்திலிருந்து விழுந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள், இரும்போடு கல் சுமந்தவர்கள். கதை அந்தக் கணக்கைச் சரியாகத்தான் உணர்கிறது. ஆனால் பல நூறு பெயர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நாயை வைத்துவிடுகிறது.

இந்த இடமாற்றம்தான் எனக்கு உறுத்துகிறது. அகெர்ஷுஸில் இறந்த மனிதர்கள் கற்பனையானவர்கள் அல்ல. 1835இல் நோர்வே வங்கியைக் கொள்ளையடித்த ஊலெ ஹோய்லான்ட் 1848இல் அங்கே சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டான். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது நாற்பது பேருக்கு மேற்பட்ட எதிர்ப்பியக்கத்தவர்கள் கோட்டைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது. ஆக்கிரமிப்பாளரோடு சேர்ந்து நாட்டை ஆண்ட குவிஸ்லிங் 1945 ஒக்டோபர் 24 அன்று அதே கோட்டையில் சுடப்பட்டான். கோட்டைக்குக் கீழேயுள்ள கப்பல்துறையிலிருந்துதான் 1942 நவம்பர் 26 அன்று ஐநூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் டோனாவ் என்ற கப்பலில் ஏற்றப்பட்டு அவுஷ்விட்ஸை நோக்கி அனுப்பப்பட்டார்கள். அவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்து வந்தது நோர்வேயின் பொலிஸ். இப்போது அங்கே சிற்பி ஆண்டனி கோர்ம்லி செய்த இரும்பு நாற்காலிகள் கடலைப் பார்த்தபடி காலியாக நிற்கின்றன. நான் கேட்ட கோட்டைப் பேய்க்கதைகள் எதிலும் இந்த மனிதர்கள் வரவில்லை. பேய் நடமாடும் இடத்தைத் தேர்வு செய்வது பேயல்ல, கதை சொல்பவர். முகமில்லாத பெண்ணைச் சொல்லும்போது கேட்பவருக்கு ஒரு சிலிர்ப்பு வரும், பிறகு போய்க் காப்பி குடிக்கலாம். டோனாவ் கப்பலைச் சொன்னால் "யார் பிடித்துக் கொடுத்தது?" என்ற கேள்வி வரும்.

இதுவரை சொன்னது நகரத்துப் பேய்கள். கிராமத்துப் பேய்கள் வேறு சாதி. அவற்றை நான் அதிகம் மதிக்கிறேன்.

நோர்வேயின் நாட்டார் கதைகளைத் திரட்டி முதன்முதலில் நூலாக்கியவர்களில் ஒருவர் ஆந்திரியாஸ் ஃபாயெ என்ற போதகர். அவருடைய தொகுப்பு 1833இல் வந்தது. பின்னால் ஆஸ்பியோர்ன்சனும் மூவும் வந்தார்கள். அவர்களில் மூ பிற்காலத்தில் ஆயராகவே ஆனார். பேயை நம்பக்கூடாதென்று போதித்த சபையின் ஊழியர்களே பேய்க்கதைகளைக் காப்பாற்றி வைத்தது வேடிக்கைதான். இந்தக் கதைகளில் திரும்பி வரும் இறந்தவனுக்கு 'யென்கங்கர்' என்று பெயர், அதாவது மீண்டும் நடப்பவன். யார் மீண்டும் நடப்பார்கள்? கொலையுண்டவர், கொலை செய்தவர், தற்கொலை செய்தவர், ஏதோ ஒரு கணக்கை முடிக்காமல் போனவர். கடலில் மூழ்கிக் கல்லறை கிடைக்காதவன் 'ட்ரௌக்' ஆகி, பாதிப் படகில் ஏறி வருவான். நம் ஊரில் துர்மரணம், அற்பாயுள் என்று சொல்கிறோமே, அதே பட்டியல். ஆயுள் முடியாமல் போனவர் மிச்ச ஆயுளை இங்கேயே அலைந்து கழிக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பகுதி மக்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு செய்தி உண்டு. (அந்த நூல் ஒரு சமூகத்தையே இழிவாகப் பேசியது, அதற்கு வந்த எதிர்ப்பு நியாயமானது.) 1809 திருவிதாங்கூர்ப் போரில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கில அதிகாரியின் ஆவிக்கு ஊரார் சாராயமும் சுருட்டும் படைத்தார்களாம். வெள்ளைக்காரன் உயிரோடிருந்தபோது எதைக் கேட்பானோ அதைத்தானே செத்த பிறகும் கேட்பான்? தொடக்கத்தை ஒப்புக்கொண்டால் முடிவில் குறை காண முடியாது.

கிராமத்துப் பேய்களில் எனக்குப் பிடித்தது 'டெய்ல்டெகாஸ்ட்'. எல்லைக்கல்லை இரவோடிரவாக நகர்த்தி அயலான் நிலத்தைத் தின்றவன் செத்த பிறகு அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு அலைவான். பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்ப்பான். கல் நழுவி நழுவி விழும். இரவில் மலைச்சரிவில் கேட்கும் ஓலம் அவனுடையது. அயலானின் எல்லைக்குறியை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27ஆம் அதிகாரம் சொல்கிறது. இந்தப் பேய் அந்த வசனத்துக்குக் கைகால் முளைத்தது போலிருக்கும். இது மட்டும் யாழ்ப்பாணத்தில் நடைமுறையில் இருந்திருந்தால் ஒரு மனிதர் தூங்கியிருக்க முடியாது. வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் பூவரசங் கதியாலை நாலு விரற்கடை தள்ளி நட்டவர்கள் எத்தனை பேர்! நாம் அதற்குப் பேயை நம்பவில்லை, வழக்கறிஞரை நம்பினோம். நிலஅளவையும் பதிவும் நீதிமன்றமும் எட்டாத மலைக்கிராமத்தில் அந்த வேலையைச் செய்தது டெய்ல்டெகாஸ்ட். சான்று என்று பார்த்தால் காற்றின் ஓலமும், இறந்துபோன ஒருவனைப் பற்றிய ஊர்ப்பேச்சும் மட்டுமே. அந்த ஊர்ப்பேச்சு தவறாக இருந்தால்? நேர்மையாக வாழ்ந்த ஒருவனின் பிள்ளைகள் தலைமுறைகளுக்குக் கல் திருடியின் பிள்ளைகளாக வாழ வேண்டியதுதான். மறுக்க வழியில்லாத குற்றச்சாட்டு என்றால் இதுதான்.

இங்கே சமய வரலாறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1537இல் டென்மார்க்-நோர்வே லுத்தரன் நாடானது. கத்தோலிக்கக் காலத்தில் இறந்தவர் திரும்பி வந்தால் அதற்கு விளக்கம் இருந்தது: உத்தரிக்கும் தலத்தில் வேதனைப்படும் ஆன்மா பூசை கேட்டு வருகிறது. சீர்திருத்தம் உத்தரிக்கும் தலத்தையே எடுத்துவிட்டது. சூரிச்சைச் சேர்ந்த லாவாட்டர் என்ற போதகர் 1569இல் பேய்களைப் பற்றி ஒரு நூலே எழுதி, அவை இறந்தவர்களின் ஆன்மாக்கள் அல்ல என்று வாதிட்டார். பெரும்பாலும் மனப்பிரமை, ஏமாற்று, எலி, பூனை. மிஞ்சியது பிசாசின் வேலை. பாதி விளக்கம் அற்புதமாக இருக்கிறது பாருங்கள்: மனப்பிரமை, ஏமாற்று என்று இன்றைய பகுத்தறிவாளர் போலவே பேசுகிறார். அங்கே நிறுத்தாமல் கடைசி இடுக்கில் பிசாசை உட்கார வைத்துவிட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? இறந்தவர்களைத் தொடர்ந்து கண்டார்கள். அதோடு, பேயோட்டும் ஆற்றலை அந்தப் போதகர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்! விட்டன்பர்க்கில் படித்தவரிடம் 'கருப்புப் புத்தகம்' இருக்கும், அதை வாசித்தால் பேய் கட்டுப்படும் என்று நோர்வே முழுக்கக் கதை உண்டு. வடநோர்வேயின் புகழ்பெற்ற கவிஞரும் போதகருமான பெட்டர் டாஸ் (1707இல் இறந்தவர்) பிசாசின் முதுகில் ஏறிக் கோபன்ஹேகன் போய் அரசர் முன்னால் பிரசங்கம் செய்தார் என்று சொல்வார்கள்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1706இல், அதே அரசர் அனுப்பிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நான்காம் ஃபிரடெரிக் டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் சேர்த்தே அரசர் என்பதைப் புலம்பெயர்ந்த நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தமிழருக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள தொடர்பு மீன் தொழிற்சாலைகளில் தொடங்கவில்லை. சீகன்பால்கு 1713இல் தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி எழுதியபோது ஊர்த்தேவதைகளையும் பேய்களையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்தார். ஹாலேயில் இருந்த மேலிடம், உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற வகையில் பதில் சொல்லி நூலை மூலையில் போட்டது. அது அச்சானது 1867இல், சென்னையில். ஊரார் சொல்வதை நம்பாமலே கவனமாக எழுதிக்கொள்ள முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். மேலிடத்துக்கு அது புரியவில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒரு பேயைச் சொல்லிவிட்டு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நோர்வே மொழியில் கெட்ட கனவுக்கு 'மாரெரிட்' என்று பெயர், மாரெயின் சவாரி என்று பொருள். மாரெ என்பவள் தூங்குபவரின் நெஞ்சின் மேல் ஏறி உட்காரும் பெண் ஆவி. நம் அமுக்குவான் பேயேதான். கண் விழித்திருக்கும், உடல் அசையாது, நெஞ்சில் பாரம், அறையில் யாரோ நிற்பது போலிருக்கும். கனவு காணும் உறக்கக் கட்டத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமலிருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்வு நீங்குவதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி நேர்கிறது. மல்லாந்து படுப்பவர்களுக்கும் இரவுப்பணியால் தூக்கம் குலைந்தவர்களுக்கும் அதிகம் வரும். ஆகவே எங்கள் ஓய்வறையில் இது சாதாரணப் பேச்சு. பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவர் விவரித்த குறிகள் அத்தனையும் துல்லியம். பிழை அடுத்த படியில் இருக்கிறது: பாரம் இருந்தது, ஆகவே பாரமான ஒருத்தி இருந்தாள். பரிகாரத்தையும் பாருங்கள். இங்கே கதவின் மேல் இரும்புக் கத்தி, கட்டிலருகே செருப்பைத் திருப்பி வைத்தல். அங்கே தலையணைக்கடியில் இரும்பு, அல்லது விளக்குமாறு. இரண்டும் 'வேலை செய்யும்', ஏனென்றால் இந்த நிலை தினமும் வருவதில்லை. மோசமான இரவுக்கு மறுநாள் எதைச் செய்தாலும் அன்றைய இரவு முந்தைய இரவைவிட நல்லதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி 'ஊட்புர்ட்'. இந்த உரையை நான் எடுத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

ஊட்புர்ட் என்றால் வெளியே சுமந்து செல்லப்பட்டது. பிறந்தவுடன் ஞானஸ்நானமும் பெயரும் இல்லாமல் காட்டிலோ பாறை இடுக்கிலோ விடப்பட்ட சிசு, அந்த இடத்திலேயே ஆவியாகி இரவில் அழும். வழிப்போக்கர்களைத் தொடரும். சில கதைகளில் தாயைத் தேடி வரும். அதை அடக்க ஒரே வழிதான் உண்டு. அழுகுரலைக் கேட்டவர் நின்று, நீ ஆணோ பெண்ணோ எனக்குத் தெரியாது, இந்தப் பெயர் அல்லது இந்தப் பெயர் என்று ஆணுக்கொன்றும் பெண்ணுக்கொன்றுமாக இரண்டு பெயர்களைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். அழுகை நின்றுவிடும்.

அழுகை எங்கிருந்து வந்தது? காட்டில் நரி கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? குளிர்காலத்து இரவில் நரியின் கூச்சல் குழந்தை வீறிடுவது போலவே இருக்கும். ஆந்தைகளும் உண்டு. இலங்கையிலும் இதற்கு ஒரு சோடி இருக்கிறது: சிங்களத்தில் 'உலமா' என்று சொல்லப்படும் பேய்ப்பறவை. காட்டில் ஒரு பெண் கழுத்து நெரிபட்டுக் கதறுவது போன்ற குரல். வயிற்றில் புள்ளிகள் கொண்ட பெரிய ஆந்தையினம் ஒன்றுதான் அது என்று பலர் கருதுகிறார்கள். கதை இப்படிப் போகும்: மனைவியின் மேல் சந்தேகம் கொண்ட கணவன் சிசுவைக் கொன்று கறியாக்கி வைக்கிறான், சாப்பிடும்போது சிறு விரலொன்றைக் கண்ட தாய் பித்தாகிக் காட்டுக்குள் ஓடிப் பறவையாகிறாள். இரண்டு நாட்டிலும் ஓர் இரவுக்குரல், இறந்த ஒரு சிசு. ஆனால் உலமா கதையில் குற்றவாளி தகப்பன். ஊட்புர்ட் கதைகளில் தகப்பன் எங்கே? நான் படித்தவற்றில் அவனைக் காணவே கிடைக்காது. பேய் அவனைத் தேடிப் போவதில்லை.

இதற்குக் காரணம் காட்டில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஐந்தாம் கிறிஸ்தியான் அரசரின் 1687ஆம் ஆண்டு நோர்வேச் சட்டம், ஒழுக்கம் தவறிய பெண் தன் சிசுவைக் கொன்றால் கழுத்தை வெட்டித் தலையைக் கம்பத்தில் செருக வேண்டும் என்றது. அதற்கடுத்த விதிதான் கொடியது. மணமாகாத பெண் கர்ப்பத்தை மறைத்து, துணைக்கு யாரையும் அழைக்காமல் இரகசியமாகப் பெற்று, அந்தக் குழந்தை இறந்தோ காணாமலோ போனால், அவள் கொன்றாள் என்றே கொள்ளப்படும். இரகசியம் என்பதே சான்று. குழந்தை இறந்தே பிறந்திருக்கலாம். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருக்கலாம். இரத்தப்போக்கில் தாய் மயங்கிக் கிடந்திருக்கலாம். பிரசவ அறையில் நின்றவர்களுக்குத் தெரியும், கைதேர்ந்த மருத்துவிச்சி பக்கத்தில் இருந்தும் சில பிள்ளைகள் அழுவதில்லை. மாட்டுக்கொட்டிலில் தனியாகப் பெற்ற பதினெட்டு வயது வேலைக்காரி, தான் கொல்லவில்லை என்று எதைக் கொண்டு காட்டுவாள்?

பேய்க்கதையின் தர்க்கமும் இந்த விதியின் தர்க்கமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். காட்டில் குரல் கேட்டது, ஆகவே கொலை நடந்தது. வீட்டில் இரகசியம் இருந்தது, ஆகவே கொலை நடந்தது. முதலாவது மூடநம்பிக்கை என்று போதகர் பிரசங்கம் செய்தார். இரண்டாவதை நீதிபதி தீர்ப்பாக எழுதினார்.

அறிவியலும் கொஞ்சகாலம் இதில் கைகோத்தது. 1681இல் ஜெர்மனியில் ஷ்ரேயர் என்ற மருத்துவர் ஒரு வழக்கில் சிசுவின் நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். மூழ்கினால் அது மூச்சே விடவில்லை, இறந்து பிறந்தது; மிதந்தால் உயிரோடு பிறந்தது. அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றம்தான், பல பெண்களைக் காப்பாற்றியும் இருக்கும். ஆனால் அழுகத் தொடங்கிய நுரையீரலும் மிதக்கும். பதறிப்போன தாய் வாயில் வாய் வைத்து ஊதியிருந்தாலும் மிதக்கும். ஒரு மூச்சு விட்டுத் தானாகவே இறந்த பிள்ளையின் நுரையீரலும் மிதக்கும். லண்டனில் வில்லியம் ஹண்டர் இந்தக் குறைகளை விளக்கி எழுதியது 1784இல் அச்சானது. மிதந்தால் குற்றம் என்ற சூத்திரம் நோர்வேக்குப் பழகியதுதான். வடக்கே ஃபின்மார்க்கில் 17ஆம் நூற்றாண்டில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கடலில் போட்டு, மிதந்தால் குற்றவாளி என்றார்கள். அங்கே 91 பேர் கொல்லப்பட்டார்கள். வார்டோவில் 2011இல் திறந்த நினைவுமண்டபத்தில் ஆளுக்கொரு சாளரம், ஆளுக்கொரு விளக்கு வைத்திருக்கிறார்கள். மீன் தொழிற்சாலை வேலைக்காக அந்தப் பக்கம் போய் வாழ்ந்த தமிழர்கள் பலர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை போனால் பாருங்கள்.

மறைத்து வைக்கப்பட்ட சிசு என்றாலே நம் மனம் எவ்வளவு வேகமாகக் குற்றத்துக்குத் தாவுகிறது என்பதற்கு இன்றைய உதாரணம் ஒன்று. சுவீடனின் லுண்ட் நகரில் 1679இல் இறந்த பேடர் வின்ஸ்ட்ரூப் என்ற ஆயரின் சவப்பெட்டியை 2015 வாக்கில் ஸ்கேன் செய்தபோது, அவருடைய கால்களுக்கிடையே ஐந்தாறு மாத வளர்ச்சியுள்ள சிசுவொன்றின் உடல் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. யாரோ ஒரு பணிப்பெண் முறைதவறிப் பெற்றதை ஒளித்துவிட்டாளோ என்ற ஊகம் எழாமல் இருக்குமா? 2021இல் மரபணு ஆய்வு வெளியானது. அந்தச் சிசு ஆயருக்கு நெருங்கிய உறவு, அநேகமாகப் பேரன். குறைமாதத்தில் போன பிள்ளையைத் தாத்தாவின் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆயரின் சவப்பெட்டியைவிடப் புனிதமான இடத்துக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற அந்தத் தவிப்பைத்தான் காட்டில் இரண்டு பெயர் சொல்லும் வழிப்போக்கனிடமும் காண்கிறேன். எங்கள் சபைகளில் அவசர ஞானஸ்நானத்தை யாரும் கொடுக்கலாம் என்று இன்றும் இருக்கிறது. ஒரு தாதியும் கொடுக்கலாம். அந்த வழிப்போக்கன் செய்தது இறையியல்படி செல்லுமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இறந்த பிள்ளையைப் பார்த்து, உன் தாய் யார் என்று கேட்காமல் உன் பெயர் என்ன என்று கேட்டவர் அந்தக் கதை முழுவதிலும் அவர் ஒருவர்தான்.

1842இல் புதிய குற்றவியல் சட்டம் வந்து 1687ஆம் ஆண்டு விதிகளின் இடத்தைப் பிடித்தது. ஆனால் தகப்பனைக் கதைக்குள் இழுத்து வர இன்னும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது. காட்டி ஆங்கர் மெல்லர் என்ற பெண்மணி மணமாகாத தாய்மாருக்காக ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பேசினார். அவருடைய அக்கா தங்கை முறையில் உறவான அரசியல்வாதி யோகான் காஸ்ட்பெர்க் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். காட்டியின் சகோதரியைத்தான் அவர் மணந்திருந்தார். 1915 ஏப்ரலில் காஸ்ட்பெர்க்கின் குழந்தைச் சட்டங்கள் நிறைவேறின. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பனின் குடும்பப் பெயரும் சொத்தில் பங்கும் உண்டென்றாயிற்று. திருமணம் என்ற அமைப்பே குலைந்துவிடும் என்று கடுமையாக எதிர்த்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். காட்டி அதோடு ஓயவில்லை. 1924இல் இதே நகரத்தில், அப்போது இன்னும் கிறிஸ்தியானியா, தாய்மாருக்குக் கர்ப்பத்தடை பற்றிச் சொல்லிக்கொடுக்கும் முதல் நிலையத்தைத் திறந்தார்.

ஊட்புர்ட் கதைகளைப் புதிதாகச் சொல்பவர்கள் இப்போது இல்லை. மின்விளக்கு வந்ததால் பேய் போயிற்று என்று இங்கே வயதானவர்கள் சொல்வார்கள், நம் ஊரிலும் அதே பேச்சுத்தான். மாரெ இன்னும் போகவில்லை, மின்விளக்கு எரியும் வார்டிலேயே வருகிறாள். நரியும் இன்னும் கத்துகிறது. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலுள்ள காட்டிலிருந்து சில இரவுகளில் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாளரத்தைத் திறந்து, "நரி, நரி" என்று கத்திவிட்டு மூடிக்கொள்வார்கள்.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள்.